பனிக்கால மரக்காணம்: உப்பளக் கரையில் நிறப் புகைப்படம்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். புதுச்சேரியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம். சாலையோரத்திலேயே உப்புப் பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. பாத்திகளை ஒட்டி உப்பங்கழி. காக்கிநாடாவில் புறப்பட்டு 796 கிலோமீட்டர் வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் இந்தக் கழிவெளியில்தான். அதற்குக் கிழக்கே மணல், மணலுக்கு அப்பால் வங்கக் கடல். தெற்கிலும் தென்மேற்கிலும் கழுவேலி ஈரநிலம் விரிந்து கிடக்கிறது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊரின் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. நிறத்தில் படம் எடுக்க வருபவருக்கு இந்த வரலாற்றைவிட உதவுவது ஊரின் கிடப்பு. காலையில் ஒளி கடலிலிருந்து வரும். மாலையில் உப்பளத்தின் பக்கமாகச் சாயும். கடற்கரைக்குக் காலையும் பாத்திகளுக்கு மாலையும் என்று நாள் தானாகவே பிரிந்துவிடுகிறது.

தமிழ்ப் பருவக் கணக்கில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. மரக்காணத்தில் முன்பனி மாதங்களின் விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரார் சொன்னாலும், உறைபனி காணும் நாட்டிலிருந்து வருபவருக்கு இது குளிரே ஆகாது. இருந்தும் இங்கே எடுத்த ஜனவரிப் படங்கள் பார்ப்பவருக்குச் சில்லிட்ட உணர்வைத் தருகின்றன. அந்தக் குளிர் வெண்மையோடு சேர்ந்த நீலத்திலிருந்து வருகிறது. உப்பின் மேல் விழும் நிழல் நீலம், பாத்தி நீரில் தெரியும் வானம் நீலம், விடியலுக்கு முந்தைய கால் மணி நேரத்தில் எல்லாமே நீலம். அந்த நீலத்தை எந்த அளவுக்கு விட்டுவைப்பது என்பதே இக்கரையில் நிறப்படம் எடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது. கருவி, லென்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் சூரியனின் கணக்கு. மரக்காணம் வட அகலாங்கு 12.2 டிகிரியில் உள்ளது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இரண்டு மீட்டர் உயர உப்புக் குவியல் ஒன்றுக்கு அந்நேரத்தில் ஏறத்தாழ 1.4 மீட்டர் நிழல் விழும். ஏப்ரல் 20-க்குப் பிறகு சில நாட்கள் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது அதே குவியலுக்கு நிழலே இருக்காது. வெள்ளைப் பரப்பில் வெள்ளை மேடு கரைந்துபோகும். உப்பு விளைச்சல் உச்சத்தில் இருக்கும் கோடையில் எடுத்த நண்பகல் படங்கள் தட்டையாக இருப்பதன் காரணம் இதுதான். பனிக்காலத்தில் நாள் முழுவதும் ஏதோ ஒரு பக்கம் நிழல் கிடைக்கிறது.

சூரியன் எழும் திசையிலும் இக்கரைக்கு ஒரு வசதி உண்டு. டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி எழுகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கோடும் நேர் வடக்கு தெற்காக ஓடுவதில்லை. வடகிழக்கு நோக்கி ஏறத்தாழ 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஆகவே மார்கழிச் சூரியன் கரைக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக, கடலுக்கு நேர் நடுவிலிருந்து மேலேறுகிறது. அதன் ஒளித்தடம் அலைகளின் மேல் நேராகக் கரையேறி நிற்பவரின் காலடியில் வந்து முடியும். ஆனியில் அதே இடத்தில் நின்றால் சூரியன் வெகுதூரம் இடப்பக்கம் விலகியிருக்கும். பனிக்காலக் காலையில் இதனால் மூன்று தெளிவான திசைகள் கிடைக்கின்றன. கடலைப் பார்த்தால் எதிரொளி. நிலத்தைப் பார்த்தால் நேரொளி. கரையின் நீளவாட்டில் பார்த்தால் பக்கவொளி. அனுபவமுள்ளவர்கள் மூன்றாவதைத்தான் நாடுகிறார்கள். மணலின் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக எழுந்து நிற்பது பக்கவொளியில்தான்.

நேரம் மட்டும் குறைவு. மார்கழி நடுவில் சூரியோதயம் காலை ஆறரை மணியை ஒட்டி. மறைவு மாலை ஆறுக்குச் சற்று முன். வெப்பமண்டலத்தில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் மணிக்கு 13 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் 15 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை; அங்கே பகல் முழுவதுமே சாய்வெயில். மரக்காணத்தில் சூரியன் அந்த 15 டிகிரியை ஏழரை, ஏழே முக்காலுக்கெல்லாம் தாண்டிவிடும். அதாவது லண்டனின் நண்பகல் வெயில் இங்கே காலை டீ குடிக்கும் நேரத்து வெயில். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் குளிர்காலக் கடற்கரையைப் பற்றிச் சொல்வதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம். முக்காலி நிறுத்தி, லென்ஸ் மாற்றி, இடம் தேடிக்கொண்டிருந்தால் வெயில் போய்விடும். இடத்தை முதல்நாள் மாலையே பார்த்து வைப்பது நல்லது.

பனிக்கால வெளிச்சத்தின் தெளிவு வடகிழக்குப் பருவமழை கொடுத்த கொடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை காற்றிலிருக்கும் தூசியைக் கழுவிவிடுகிறது. புயல் கடந்த மறுவாரம் வானம் மிக ஆழ்ந்த நீலத்தில் இருக்கும். ஆனால் அந்த நீலத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது; உப்பளங்களும் தண்ணீரில் மூழ்கின. ஜனவரியில் வானம் தெளிவாக இருந்தாலும் விடியலில் தரைமட்டத்தில் பனிமூட்டம் படரும். இரவில் தரையின் வெப்பம் மேலே போய்விட, ஈரநிலத்தின் மேலுள்ள காற்று குளிர்ந்து மூட்டமாகிறது. கழுவேலிப் பக்கம் இது அடர்த்தி, கடலோரம் குறைவு. சூரியன் ஏறி ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். போகிக்கு மட்டும் வேறு கணக்கு: அன்று அதிகாலையில் ஊர்களில் எரிக்கும் பழம்பொருட்களின் புகை பனியோடு கலந்து சூரியனைச் செம்பழுப்பாக்கும். நுரையீரலுக்குக் கேடான அந்தக் காலை, நிறத்தைப் பொறுத்தவரை வருடத்தில் வேறெந்த நாளிலும் கிடைக்காதது.

பனிக்கால உப்பளம் என்றதும் வெள்ளை வெளேரென்ற காட்சியை எதிர்பார்த்து வருபவர் மார்கழியில் ஏமாந்து போவார். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் கிடக்கின்றன; அப்போது உற்பத்தி கிடையாது. இந்த வேலையற்ற மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளருக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. மழை விட்டதும் தண்ணீரை இறைத்து, சரிந்த வரப்புகளைக் கட்டி, பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஆட்கள் வரிசையாக நின்று அடிமேல் அடி வைத்து மிதிப்பார்கள். சாய்வெயிலில் அந்தத் தரையைக் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குதிகால் பள்ளத்திலும் ஒரு கரண்டித் தண்ணீரும், ஒவ்வொரு துளித் தண்ணீரிலும் ஒரு துண்டு வானமும் தெரியும். மண் காப்பிப் பொடி நிறம், பள்ளங்கள் நீலம். உப்பே இல்லாத இந்த உப்பளம்தான் மரக்காணத்தின் பனிக்கால நிறங்களில் மிகச் செறிவானது. வெள்ளைக் குவியலைத் தேடி வருபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது பரிதாபம்.

தை, மாசியில்தான் உப்பு விளையத் தொடங்குகிறது. உப்புநீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் வற்றவிடுகிறார்கள். நீரின் செறிவை பாமே அளவுகோலில் அளப்பது வழக்கம். உப்பளத்தில் அதை வெறும் 'டிகிரி' என்பார்கள். கடல்நீர் மூன்று டிகிரியை ஒட்டியது. வற்ற வற்ற முதலில் சுண்ணச்சத்தும் பிறகு ஜிப்சமும் பிரியும். 25 டிகிரி தாண்டியதும் சமையல் உப்பு படியத் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் நீரின் நிறம் மாறுகிறது. இளநீர்ப் பாத்திகள் பாசியால் பச்சை கலந்திருக்கும். உப்பு முற்றிய நீரில் துனாலியெல்லா சலைனா என்ற நுண்பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகினால் செம்மை ஏறும். உலகின் பல உப்பளங்கள் வானிலிருந்து இளஞ்சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். தரை இன்னும் இறுகாத பருவத்தின் முதல் உப்பில் களிமண் கலந்து சாம்பல் சாயல் இருக்கும். அடுத்தடுத்த வாரல்களில் வெண்மை கூடும். ஆக, ஒரே பாத்தி டிசம்பரில் பழுப்பு, ஜனவரியில் நீலம், பிப்ரவரியில் சாம்பல் வெள்ளை, பங்குனியில் பால் வெள்ளை.

வெள்ளை வந்ததும் கேமராவின் பிரச்சினை தொடங்குகிறது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக, அதாவது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருளாக எடுத்துக்கொள்ளும். காய்ந்த வெள்ளுப்பு அதைப் போல நாலு மடங்குக்கு மேல் ஒளியைத் திருப்புகிறது. கருவியின் சொல்படி விட்டால் உப்பு சாம்பலாகும், பக்கத்தில் நிற்கும் ஆள் கரியாவார். சட்டகம் முழுக்க உப்பாக இருந்தால் இரண்டு ஸ்டாப் வரை கூட்டலாம். பாதி வானமும் பாதி உப்புமாக இருந்தால் ஒன்று அல்லது ஒன்றரை போதும். ஒளிமானி இல்லாத காலத்துப் பழைய விதி ஒன்றும் இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. பளிச்சென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஷட்டர் 1/100 நொடி, துளை எஃப்/16. உப்பு, வெண்மணல் போன்ற பரப்புகளில் துளையை எஃப்/22-க்குக் குறைக்க வேண்டும். இந்த விதி பொருளை அளப்பதில்லை, வெயிலை அளக்கிறது. அதனால் வெள்ளை அதை ஏமாற்ற முடியாது.

கூட்டும்போது ஓர் எச்சரிக்கை. நிறப்படத்தில் வெளிச்சம் மொத்தமாக மிஞ்சிப் போவதில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனித் தடங்களில் மிஞ்சும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றைய பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்கள் பயன்படுத்துகின்றன. அதில் பாதி புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியவை. விடியல் வெயில் பட்ட உப்பில் சிவப்புத் தடம் முதலில் நிரம்பி வழியும். ஹிஸ்டோகிராமின் மொத்த வெளிச்சக் கோடு பத்திரமாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு போய்விட்டிருக்கும். பின்னர் திரையில் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சோற்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நிற்கும். மூன்று தடங்களையும் தனித்தனியே பார்ப்பதும் ரா கோப்பில் எடுப்பதும் இதற்குப் பரிகாரம்.

இனி நீலம். வெட்டவெளியில் நிற்கும் உப்புக் குவியலுக்கு இரண்டு விளக்குகள். ஒன்று சூரியன், மற்றொன்று வானம். காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்று ராலே பிரபு 1871-இல் கணக்கிட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் நீல ஒளி சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. வெயில் படும் பக்கம் ஏறத்தாழ 5,200 கெல்வின் நிறவெப்பநிலையில் இருந்தால், வானம் மட்டும் ஒளியூட்டும் நிழல்பக்கம் 10,000 கெல்வினையும் தொடும். செம்மண்ணில் விழும் நிழல் தன் நீலத்தை வெளிக்காட்டாது. மண்ணின் சிவப்பு அதை விழுங்கிவிடும். உப்புக்குச் சொந்த நிறம் இல்லாததால் மேலே விழுவதை அப்படியே காட்டிவிடுகிறது. மனிதக் கண் சில நொடிகளில் பழகிக்கொண்டு நிழலையும் வெள்ளையாகவே காணும். கேமரா பழகிக்கொள்வதில்லை.

தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இங்கேதான் குட்டையைக் குழப்புகிறது. சட்டகத்தில் நீலம் மிகுந்திருப்பதைக் கண்டு, ஏதோ தவறு நடந்துவிட்டதென்று மஞ்சளைக் கூட்டிவிடும். நிழல் வெள்ளையாகும், வெயில் பட்ட உப்பு பழைய தினத்தாள் நிறத்துக்குப் போகும். பக்கத்துச் சட்டகத்தில் ஒரு சிவப்புச் சேலை வந்தால் கணக்கு மறுபடி மாறும். பத்துப் படங்களில் பத்து உப்பு. பகல்வெளிச்சத்துக்குரிய 5,200 அல்லது 5,500 கெல்வினில் நிலைநிறுத்திவிட்டால் வெயில் பட்ட உப்பு வெள்ளையாகவும் நிழல் நீலமாகவும் நிற்கும். விடியல் பொன்னிறமாகவும், விடியலுக்கு முன் நீலமாகவும் பதிவாகும். பகல்வெளிச்சப் படச்சுருள் இப்படித்தான் நடந்துகொண்டது. நீலம் கூடுதலாகத் தோன்றியவர்கள் அந்நாளில் லென்ஸின் முன் வெளிர்சிவப்பு வடிகட்டி ஒன்றை மாட்டினார்கள். உப்பையே வெண்மைக்கு அளவுகோலாக வைத்துத் திருத்துவது சிலருடைய பழக்கம். வெயிலில் காய்ந்த குவியலை வைத்தால் பிழையில்லை. நிழலில் கிடக்கும் உப்பையோ களிமண் கலந்த முதல் உப்பையோ வைத்தால் படம் முழுவதும் கோணும்.

உப்புக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1830-களில் தாளைச் சமையல் உப்புக் கரைசலில் நனைத்து, வெள்ளி நைட்ரேட் பூசி, ஒளியால் கறுக்கும் வெள்ளி குளோரைடைத் தாளிலேயே உண்டாக்கினார். விழுந்த படிமம் மேலும் கறுக்காமல் நிறுத்தவும் தொடக்கத்தில் அவர் கையாண்டது அடர்ந்த உப்புநீரைத்தான். இந்த உத்திகள் சென்னை மாகாணத்துக்கு விரைவிலேயே வந்தன. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் 1850-களில் தொடங்கியது. மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சி என்று கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். அந்தக் காலத்துப் பூச்சுகள் நீல ஒளிக்கு மட்டுமே கூர்மையாக எதிர்வினை செய்தன. அதனால் வானம் வெறும் வெள்ளையாகப் போகும். மரக்காணம் போன்ற கரையை அப்போது எடுத்திருந்தால் வானமும் நீரும் உப்பும் ஒரே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். 1907-இல் லூமியேர் சகோதரர்கள் ஆட்டோகுரோம் என்ற நிறப்படத் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், 1935-இல் கோடாக்குரோம் நிறப் படச்சுருள் வந்ததும்தான் வெள்ளையிலிருந்து நீலம் பிரிந்து நிற்க வழி பிறந்தது.

இந்தியாவில் நிறப்படத்துக்கு மதிப்பு வர இன்னும் காலம் பிடித்தது. கருப்பு வெள்ளையே கலை என்றிருந்த நாளில் ரகுபீர் சிங் (1942–1999) நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்; கருப்பு வெள்ளையின் சோகம் மேற்கின் மனநிலை, இந்தியக் கண் நிறத்தில்தான் பார்க்கிறது என்பது அவர் வாதம். கனடாவின் எட்வர்ட் பர்டின்ஸ்கி கட்ச் சிறு ரண் உப்பளங்களை வானிலிருந்து எடுத்து 2016-இல் நூலாக வெளியிட்டார். அதில் பாத்திகள் சாம்பலும் பழுப்புமான கோட்டோவியங்களாகின்றன. அழகான படங்கள்தான். ஆனால் அந்த உயரத்திலிருந்து உப்பு வாருபவரின் பாதம் தெரியாது. மரக்காணத்தின் சிறிய பாத்திகள் வரப்பில் நின்று பார்க்கவே ஏற்றவை.

வரப்பில் நிற்பதா குந்துவதா என்பதே நிறத்தைத் தீர்மானிக்கும். நீர்ப்பரப்பு ஒளியைத் திருப்பும் அளவு பார்வைக் கோணத்தைப் பொறுத்தது. நேர் கீழே பார்த்தால் இரண்டு சதவீதம்தான். பாத்தியின் தரை தெரியும். பரப்போடு 37 டிகிரியில் பார்த்தால் நான்கு சதவீதத்தை ஒட்டும். 10 டிகிரிக்குத் தாழ்ந்தால் 35 சதவீதத்தை எட்டிவிடும். தரை மறைந்து வானம் வந்துவிடும். அதாவது காலடியில் பழுப்பாகத் தெரியும் அதே பாத்தி சற்றுத் தொலைவில் நீலமாகிவிடுகிறது. குந்தி உட்கார்ந்தால் அந்த நீலம் அருகில் வரும். எழுந்தால் தள்ளிப் போகும்.

நடுக் கோணத்தில் போலரைசர் வேலை செய்கிறது. நீர் திருப்பும் ஒளி அந்த 37 டிகிரியை ஒட்டி முழுவதும் ஒரே தளத்தில் அதிர்கிறது. வடிகட்டியைத் திருப்பினால் வானத்தின் பிரதிபலிப்பு அணைந்து தரை எழும். இந்த உத்தியின் புகழ்பெற்ற பயன்பாடு ஒரு தமிழருடையது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1921-இல் நார்குண்டா கப்பலில் ஐரோப்பாவிலிருந்து திரும்புகையில், போலரைசரைப் போலவே வேலை செய்யும் நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்துக் கடற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்துப் பார்த்தார். வானம் அணைந்தும் கடலின் நீலம் போகவில்லை, மேலும் ஆழ்ந்தது. கடலின் நிறம் வானத்தின் எதிரொளி மட்டுமே என்ற ராலேயின் கருத்தை மறுத்து, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நேச்சர் இதழுக்கு எழுதினார். ராமன் கண்டது தெளிந்த ஆழ்கடல். உப்புப் பாத்தியில் நீர் ஒரு சாணுக்கும் குறைவு. அங்கே பட்டகத்தைத் திருப்பினால் நீலம் போய்க் களிமண்தான் மிஞ்சும். போலரைசர் வானத்தையும் கருக்கும். சூரியனுக்கு 90 டிகிரியில் உள்ள வானப்பகுதியில் விளைவு உச்சம். மார்கழிக் காலையில் கரையின் நீளவாட்டில் பார்க்கும் பார்வை அந்த 90 டிகிரியில்தான் விழுகிறது. அகல லென்ஸில் மட்டும் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மற்றது வெளிறியும் திட்டுத்திட்டாக நிற்கும் என்பதால் பாதியளவு திருப்பினாலே போதும்.

கடற்கரையின் நிறங்களும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் கரையோர மணல் தெற்கு நோக்கி நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே திரும்பும். டிசம்பரில் அலை கலக்கிய கடலோரம் மண்ணிறத்தில் இருக்கும், பச்சையும் நீலமும் தொலைவில்தான். பிப்ரவரிக்குள் தெளிந்துவிடும். புயலலை மணலை அரித்துச் சென்ற இடங்களில் கனமான தாதுமணல் பின்தங்கிக் கருப்பும் கருஞ்சிவப்புமான கோடுகளாகப் படியும். ஈரமான வெளிர்மணலின் மேல் அந்தக் கோடுகள் மை தீட்டியதுபோல் இருக்கும். ஓதத்தின் ஏற்ற இறக்கம் பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டர் அளவுதான். எனவே கண்ணாடிபோல் பளபளக்கும் ஈரமணல் பட்டையை ஓதம் தருவதில்லை. ஒவ்வொரு அலையும் ஏறி இறங்கிய சில நொடிகள் தருகின்றன. அலை பின்வாங்கியதும் மூன்று நான்கு நொடிக்குள் நீர் உள்ளிறங்கிப் பளபளப்பு மங்கிவிடும்.

இந்த நீல வெள்ளைக்கு எதிர்நிறம் வேண்டுமானால் வடக்கே கடப்பாக்கத்தின் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-இல் சுபேதார் முசாஃபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் கொடுத்தார். 1760-இல் ஆங்கிலேயர் பிடித்துச் சிதைத்தனர். 2004 ஆழிப்பேரலை எஞ்சியதில் ஒரு பகுதியைக் குலைத்தது. கழிமுகத்தின் ஓரம் உடைந்து நிற்கும் செங்கல் சுவர் மாலை நாலரை மணி வெயிலில் செம்பு நிறமாகிறது.

மாலை நேரம் பாத்திகளுக்கு. நெய்தல் திணைக்கு உரிய சிறுபொழுதாக எற்பாட்டைத் தொல்காப்பிய மரபு வைத்திருக்கிறது. அதைச் சூரியன் சாயும் நேரமாகக் கொள்வது பெருவழக்கு. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் இறங்குவதில்லை, ஆனால் உப்பளத்தின் தண்ணீரில் இறங்கும். வடிவம் காட்ட இதைவிட நல்ல எதிரொளி இல்லை. மாசியில், காற்று அடங்கிய சூடான பிற்பகல் ஒன்றில், முற்றிய பாத்தியின் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்கினால் நீர்மேல் அரிசி அளவுள்ள கிண்ணங்கள் மிதப்பதைக் காணலாம். உப்பின் படிகம் கனசதுரம். பரப்பில் பிறக்கும் படிகம் கீழே தொங்கியபடி விளிம்புகளில் மட்டும் வளர, நடுவில் படிக்கட்டுப் பள்ளத்தோடு தலைகீழ்க் கோபுரமாகிறது. கனம் கூடியதும், அல்லது காற்று ஒரு சிற்றலையைக் கிளப்பியதும், மூழ்கிவிடும். எதிரொளியில் அதன் நான்கு விளிம்புகளும் தங்கக் கம்பிபோல் மின்னும், பள்ளத்தில் வானநீலம் தேங்கும். அண்மைப்பட லென்ஸும் 1/250 நொடியும் போதும். வரப்பில் வயிற்றை வைத்துப் படுக்கும் மனமும் வேண்டும்.

பறவைகளை எடுப்பவர்களின் கூட்டமும் இதே மாதங்களில்தான். கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகளின் இளஞ்சிவப்பு அவை தின்னும் பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்து வருகிறது. உப்புநீரைச் சிவக்கவைக்கும் நிறமிகளும் அதே குடும்பம்தான். தொலைநோக்கு லென்ஸில் காலை ஒன்பது மணிக்கு மேல் அந்தச் சிவப்பு கலங்கும். காரணம் கருவியில் இல்லை, சூடேறும் தரையிலிருந்து எழும் கானல் அலையில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் படம் எடுக்க 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். டிரோனைப் பறக்கவிட்டால் கூட்டம் முழுதும் எழுந்து பறந்துவிடும், இரையும் போகும். கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதால் விடியலுக்கு முன் நடப்பவர்கள் டார்ச்சையும் ஃபிளாஷையும் தவிர்ப்பது அவசியம்.

உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் கால் பாத்தி நீரில் வெந்துபோகும், கண் கூசும். படக்காரர் விரும்பும் பொன்வெயில் நேரம் தொழிலாளிக்கு வேலையின் பாதி முடிந்த நேரம். அவரைக் கருநிழலாக்கி, வெள்ளைப் பின்னணியில் ஒரு கோடாக மட்டும் காட்டும் படங்கள் ஏராளம், எடுப்பதும் எளிது. முகம் தெரிய எடுக்க வேண்டுமானால் உப்பே உதவும். வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் முகத்தில் தரையிலிருக்கும் உப்பு கீழிருந்து ஒளியைத் திருப்பி அடிக்கும். ஸ்டூடியோவில் வெள்ளைப் பலகை செய்யும் வேலையை இங்கே பாத்தி செய்கிறது. கேட்டுவிட்டு எடுப்பதும், வாரும் பலகையின் வழியில் முக்காலியை நட்டு வைக்காமலிருப்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல என்றாலும், மீறப்படுவதைப் பார்க்கும்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவிகளுக்கு உப்பு செய்யும் கேடு ஈரப்பதத்தோடு சேர்ந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைகிறது. மெக்னீசியம் குளோரைடு கலந்த கச்சா உப்பு இன்னும் சீக்கிரம் கசியும். பனிக்கால விடியலில் ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கும். அதனால் விடியலில் உப்புக் குவியலின் மேல்தோல் நனைந்து, துகள்களுக்கிடையே நீர் புகுந்து, வெண்மை குறைந்து கண்ணாடிச் சாயலில் தெரியும். பத்து மணிக்குக் காய்ந்ததும் சுண்ணாம்பு வெள்ளை. லென்ஸின் மேல் படிந்த உப்புத் தூவலும் அப்படியே: காலையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம், பகலில் கூர்மையான படிகங்கள். காய்ந்த துணியால் துடைத்தால் அந்தப் படிகம் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றியெடுத்துவிட்டுப் பிறகே உலர்துணியைத் தொட வேண்டும். முக்காலியின் கால்களை அன்றே நீளமாக இழுத்து நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மறுமுறை அவை நீளமாட்டா. குளிரூட்டிய காரிலிருந்தோ அறையிலிருந்தோ எடுத்த கேமரா வெளியே வந்ததும் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்திருப்பது பழைய வழி.

கடைசியாக அச்சு. திரையில் வெள்ளை என்பது வெளிச்சம். தாளில் அது மை படாத தாள். உப்பின் மிகப் பளிச்சென்ற பகுதியை முழு வெள்ளைக்கு விட்டுவிட்டால் அச்சில் அங்கே ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும், தாளின் ஓரமும் உப்பும் ஒன்றாகிவிடும். 0 முதல் 255 வரையான அளவில் காய்ந்த உப்பை 245 அளவில் நிறுத்தினால் துகளின் சொரசொரப்பு மிஞ்சும். பளபளப்பில்லாத பத்திரிகைத் தாளில் நிழலின் நீலம் சாம்பலாக மங்குவதால், இதழுக்கு அனுப்பும் கோப்பில் நீலத்தைச் சற்று மிகையாக வைக்கவேண்டி வரும். அதே கோப்பைச் சுவரில் மாட்டும் பளபளத் தாளில் அச்சிட்டால் திகட்டும். படக்குறிப்பில் இடம் மட்டும் எழுதுவது இந்தக் கரைக்குப் போதாது. மாதம், நேரம், பாத்தியில் நீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதும் சேர்ந்தால்தான் பழுப்புக் களிமண்ணாக இருக்கும் மார்கழிப் படமும் பால்வெள்ளையாக இருக்கும் பங்குனிப் படமும் ஒரே வரப்பிலிருந்து எடுத்தவை என்று பார்ப்பவருக்குத் தெரியவரும்.